ஊமைப்படக் காமெடி: தொலைந்த ரீல்களும் தேடித் திரியும் ரசிகர்களும்

மௌனப்படக் காலத்துக் காமெடிக்கு இன்னமும் ரசிகர் கூட்டம் உண்டா, இருந்தால் எங்கே கூடுகிறார்கள், நடித்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமான பிறகு அதில் ‘செய்தி’ என்று என்ன வர முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டம் நிறையவே உண்டு. செய்தியும் வருகிறது. சில வருஷங்களில் இன்றைய நட்சத்திரங்களைப் பற்றி வருவதைவிட சுவாரசியமாகவே வருகிறது. இந்தப் படங்களில் பெரும்பகுதி தொலைந்துபோனதுதான் அதற்குக் காரணம். தொலைந்தது அவ்வப்போது கிடைக்கிறது. கிடைத்தது இன்னதென்று அடையாளம் சொல்வது பெரும்பாலும் இந்த ரசிகர்களின் வேலையாக இருக்கிறது. அவர்களுடைய கூட்டங்களைப் பழைய நினைவில் உருகும் சங்கங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி நேரம் அங்கே துப்பறியும் வேலைதான் நடக்கிறது.

முதலில் எவ்வளவு தொலைந்தது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த முழுநீள மௌனப்படங்கள் சுமார் 10,900. அவற்றில் வெளியானபோது இருந்த அதே வடிவில் மிஞ்சியிருப்பது 14 சதவீதம். இது முழுநீளப் படங்களின் கணக்கு மட்டும். காமெடிக்காரர்களின் சோறே ஒரு ரீல், இரண்டு ரீல் குறும்படங்கள்தான் (ஒரு ரீல் என்றால் சுமார் பத்து நிமிஷம்). அவை இந்தக் கணக்கில் வரவே இல்லை.

அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். 1937இல் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தபோது, அவர்களுடைய மௌனப்படங்களில் பெரும்பாலானவை ஒரே ராத்திரியில் போயின. எரியாமல் தப்பிய சுருள்களுக்கும் வாழ்வு இல்லை. பேசும்படம் வந்தபின் இனி இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று, சுருளில் இருக்கிற வெள்ளியைப் பிரித்தெடுக்க எடைக்குப் போட்டார்கள். நம் பக்கமும் இதே கதைதான். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ இன்று பெயராக மட்டும்தான் இருக்கிறது.

சரி, இனி செய்திக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய பரபரப்பு 2015 ஜூனில் நடந்தது. லாரல்-ஹார்டியின் ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’ என்ற இரண்டு ரீல் படத்தின் தொலைந்த பகுதி கிடைத்துவிட்டது என்று வந்த அறிவிப்பு அது.

1927இன் கடைசியில் வந்த படம். ஸ்டான் லாரலும் ஆலிவர் ஹார்டியும் ஜோடியாக நிலைபெற்றுக்கொண்டிருந்த சமயம். ஸ்டான் நோஞ்சான் குத்துச்சண்டைக்காரர், ஆலி அவருடைய மேனேஜர். சண்டையில் தோற்றபின், ஸ்டான் பெயரில் ஒரு விபத்து இன்சூரன்ஸ் எடுத்து, அவரை வாழைப்பழத் தோலில் வழுக்கி விழவைத்துப் பணம் பார்க்கலாம் என்று ஆலி திட்டம் போடுகிறார். தோலில் கால் வைப்பவர் ஸ்டான் இல்லை, கிரீம் பை (கிரீம் நிரப்பிய, கேக் மாதிரியான பண்டம்) டெலிவரி செய்ய வந்த ஆள். அவர் கோபத்தில் ஒன்றை எடுத்து ஆலியின் முகத்தில் அப்புகிறார். அடுத்தது குறி தப்பி வழியில் போகிற யார்மீதோ விழுகிறது. அவர் திருப்பி எறிகிறார். அப்புறம் தெருவே இறங்கிவிடுகிறது. இந்தக் காட்சிக்கு 3,000 கிரீம் பை வாங்கினார்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். சினிமாவின் மிகப் பெரிய கிரீம் பை சண்டை என்று பெயர் வாங்கிய அந்தக் காட்சியை யாராலும் முழுசாகப் பார்க்க முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. 1957இல் ராபர்ட் யங்ஸன் என்பவர் பழைய காமெடிகளை வெட்டி ஒட்டி ‘தி கோல்டன் ஏஜ் ஆஃப் காமெடி’ என்று ஒரு தொகுப்புப் படம் எடுத்தார். அதில் அவர் வெட்டிச் சேர்த்த துண்டுதான் பல பத்தாண்டுகளாக உலகம் பார்த்தது. முதல் ரீல் 1970களில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தென்பட்டது. இரண்டாவது ரீல் முழுசாக எங்கேயும் இல்லை.

யங்ஸன் இறந்தபின் அவருடைய சேகரிப்பில் ஒரு பகுதி இன்னொரு சேகரிப்பாளரிடம் போனது. அவரும் இறந்தபின் ஜான் மிர்சாலிஸ் என்பவரிடம் வந்தது. மிர்சாலிஸ் தொழிலால் நச்சியல் விஞ்ஞானி, ஆசைக்கு மௌனப்படங்களுக்குப் பியானோ வாசிப்பவர். வந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர், ஒரு டப்பாவில் இந்தப் படத்தின் பெயரையும் ‘ரீல் 2’ என்பதையும் கண்டார். யங்ஸன் வெட்டிய அதே துண்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்திருக்கிறார். உள்ளே முழு ரீல். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வரும் இடைத்துண்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. மற்றபடி படம் இன்று கோவையாகப் பார்க்கும்படி வந்துவிட்டது.

முழுசாகப் பார்த்தால் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். துண்டில் பார்த்தபோது அது வெறும் களேபரம். முழு ரீலில் அது படிப்படியாக ஏறுகிறது. ஒரு கிரீம் பை, ஒரு முகம். அந்த முகத்துக்கு உரியவர் முதலில் அப்படியே நிற்கிறார், கண்ணை மட்டும் துடைக்கிறார், யார் எறிந்தது என்று நிதானமாகப் பார்க்கிறார், பிறகுதான் கை நீள்கிறது. ஒவ்வொரு எறிக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பது லாரலின் பிடிவாதம். இதில் எனக்குப் பிடித்த இடத்தில் யாரும் எதையும் எறிவதே இல்லை. நடிகை அனிதா கார்வின் ஒயிலாகத் தெருமுனை திரும்பி வருகிறார், கீழே கிடக்கும் கிரீம் பைமேல் வழுக்கி உட்கார்ந்துவிடுகிறார். என்ன நடந்ததென்று அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. எழுந்து, கௌரவம் குறையாமல் நடந்து, இரண்டடிக்கு ஒருமுறை காலை மட்டும் லேசாக உதறிக்கொண்டு போகிறார். சில விநாடிகள்தான். படத்தில் வேறு எதுவும் மிஞ்சாமல் போயிருந்தாலும் இது ஒன்று போதும் என்பேன்.

இந்தச் செய்தி எங்கே அறிவிக்கப்பட்டது என்பது முக்கியம். வர்ஜீனியாவில் கல்பெப்பர் என்ற சிற்றூரில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் ஒலி-ஒளிக் காப்பகம் இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டு விழுந்தால் நாட்டை மறுபடி ஓட்டத் தேவையான ரொக்கத்தை மத்திய வங்கி அடுக்கி வைத்திருந்த நிலவறை அது. இப்போது அங்கே படச்சுருள் தூங்குகிறது. 2012இல் அங்கே ‘மோஸ்ட்லி லாஸ்ட்’ என்று ஒரு வருடாந்திரக் கூட்டத்தைத் தொடங்கினார்கள். பெயர் தெரியாத படங்களைத் திரையில் ஓட்டுவார்கள். பார்வையாளர்கள் வாயை மூடிக்கொண்டு பார்க்கக் கூடாது, தெரிந்ததைக் கத்த வேண்டும். போனை எடுக்கலாம், மடிக்கணினியில் தேடலாம். பியானோக்காரரும் அது என்ன படம் என்று தெரியாமல்தான் வாசித்துக்கொண்டிருப்பார்.

என்ன கத்துவார்கள்? “அந்தக் கார் 1922க்கு முந்தையது இல்லை.” “நம்பர் பிளேட் கலிபோர்னியா.” “பின்னால் நிற்கிற மீசைக்காரர் இன்ன ஸ்டுடியோவில்தான் சம்பளத்துக்கு இருந்தார்.” டைட்டில் கார்டின் ஓரத்தில் போட்டிருக்கும் பூவேலையைப் பார்த்தே கம்பெனி பெயர் சொல்கிறவர்கள் உண்டு. கோடக் நிறுவனம் 1916 முதல் சுருளின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று வருஷத்துக்கு ஒரு குறியீடு அச்சடித்து வந்தது. 20 வருஷத்துக்கு ஒருமுறை அதே குறியீடு திரும்பிவரும். எனவே 1916இன் குறியும் 1936இன் குறியும் ஒன்று. கையிலிருக்கும் பிரதி படம் வந்த காலத்ததா, பின்னால் எடுத்த நகலா என்பதை உடையையும் காரையும் வைத்து முடிவு செய்ய வேண்டும். இதற்கெல்லாம் பட்டம் தரும் படிப்பு எதுவும் கிடையாது. 30, 40 வருஷம் பைத்தியமாகப் பார்த்தவர்களுக்குத்தான் இது வரும். அந்தப் பைத்தியங்களை ஒரே அறையில் உட்காரவைத்ததுதான் காப்பகத்தின் சாமர்த்தியம்.

சாப்ளின் விஷயத்திலும் இப்படி ஒன்று நடந்தது. தான் ஆரம்பத்தில் கீஸ்டோன் கம்பெனியின் கோமாளிப் போலீஸ் கூட்டத்திலும் நடித்ததாக அவர் சொல்லியிருந்தார். சான்றாக ஒரு படமும் இல்லாததால் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால் கியருக்கி என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் மிச்சிகனில் பழம்பொருள் விற்பனை ஒன்றில் ஒரு சுருளை வாங்கினார். சாதாரண கீஸ்டோன் படம்தானே என்று சில மாதம் அப்படியே கிடந்தது. 2010இல் ஓட்டிப் பார்த்தால், போலீஸ் உடுப்பில் நடந்து வருவது சாப்ளின். படம் ‘எ தீஃப் கேச்சர்’, 1914. முகம் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே நடையை வைத்துக் கண்டுகொள்ளலாம். இதை அவர் பெரிய திரைப்பட விழா எதிலும் திரையிடவில்லை. அந்த வருஷ ஜூலையில் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் நடந்த ‘ஸ்லாப்ஸ்டிகான்’ கூட்டத்தில் போட்டார். முழுக்க முழுக்கப் பழைய காமெடி பார்ப்பவர்களுக்காக நடந்த கூட்டம் அது. அதன் அருமை தெரிந்தவர்கள் நடுவில் காட்ட வேண்டும் என்று நினைத்திருப்பார்.

2013இல் அர்ஜென்டினாவில் ஃபெர்னாண்டோ பேன்யா என்ற சினிமா ஆய்வாளர், சாப்ளின் காலத்து இன்னொரு காமெடி நட்சத்திரமான பஸ்டர் கீட்டனின் ‘தி பிளாக்ஸ்மித்’ படத்தின் இன்னொரு வடிவத்தைக் கண்டெடுத்தார். எல்லாருக்கும் தெரிந்த பிரதியில் இல்லாத காட்சிகள் அதில் இருக்கின்றன. வெளியிடும் முன் போட்டுப் பார்க்கும் காட்சியில் ஜனங்கள் சிரிக்காத இடத்தை மறுபடி எடுப்பது கீட்டனின் வழக்கம். எந்தப் பிரதி எந்த ஊருக்குப் போனது என்பது வேறு கதை. அதற்கும் முந்தைய கண்டெடுப்பு ஒன்று பிரான்சில் நடந்தது. துலூஸ் சினிமா காப்பகத்தின் ரேமோன் போர்த், ஊர் ஊராகப் போகிறவர்களிடம் வாங்கிய சுருள்களில் ‘பிரிகோலோ’ என்று எழுதிய சில டப்பாக்கள் இருந்தன. அது யாரென்று தேடிப் போனபோதுதான் சார்லி பவர்ஸ் என்ற, உலகம் சுத்தமாக மறந்துவிட்ட அமெரிக்கக் காமெடிக்காரர் வெளியே வந்தார். நடிப்போடு பொம்மை அசைவுகளைக் கலந்து எடுத்தவர். அவர் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியவர்கள் குறைவு.

இனி ரசிகர் சங்கங்கள். மூத்ததும் கிறுக்குத்தனத்தில் முதலிடமும் ‘சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்’. லாரல்-ஹார்டியின் 1933 பேசும்படம் ஒன்றின் பெயர்தான் இது. அந்தப் படத்தில் இருவரும் ஒரு ரகசியச் சங்கத்தின் உறுப்பினர்கள். ஷிகாகோ மாநாட்டுக்குப் போவதாகச் சத்தியம் செய்துவிட்டு, உடம்பு சரியில்லை, காற்று மாற ஹோனலூலு போகிறேன் என்று மனைவியிடம் பொய் சொல்லிக் கிளம்புவார்கள். அதே பெயரில் 1965இல் நியூயார்க்கில் லாரல்-ஹார்டியின் வாழ்க்கையை எழுதிய ஜான் மெக்கேப் நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார். ஸ்டான் லாரல் அந்த வருஷம் பிப்ரவரி 23இல் இறந்தார். அதற்கு முன்பே சங்கத்தின் சட்டதிட்டத்தைப் பார்த்து, தன் பங்குக்குக் கொஞ்சம் குறும்பும் சேர்த்து ஒப்புதல் தந்திருந்தார்.

அந்தச் சட்டதிட்டத்தை நீங்கள் படிக்க வேண்டும். நிர்வாகிகளுக்கு எந்த அதிகாரமும் அறவே கிடையாது என்று ஒரு விதி. இதற்கு முந்தைய விதி அபத்தம் என்று ஒரு விதி. ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் இப்படிப் போகும்: முதலில் மது, பிறகு அலுவல் கூட்டமும் மதுவும், மதுவோடு சாப்பாடு, பேச்சுகளும் மதுவும், மறுபடி வெறும் மது, காபியும் மதுவும், பிறகு ஒரு லாரல்-ஹார்டி படம், படத்தைப் பற்றிய விமர்சனமும் மதுவும், விமர்சனத்துக்குப் பின்னான விமர்சனமும் மதுவும். கடைசியில் ஸ்டான் சேர்த்தது: எல்லாரும் ஒட்டகத்தை நிறுத்திவிட்டு டாக்ஸி பிடித்து வந்து, பாலைவனத்துக்காக இன்னும் ஒரு கிளாஸ் போட வேண்டும்.

கிளைகளுக்கு ‘கூடாரம்’ என்று பெயர். ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு லாரல்-ஹார்டி படத்தின் பெயர். கிளைத் தலைவருக்குப் பட்டம் ‘கிராண்ட் ஷேக்’. அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா என்று பல நாடுகளில் கூடாரங்கள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சர்வதேச மாநாடு. நம் ஊர் ரசிகர் மன்றங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் என்னவென்றால், கட் அவுட் இல்லை, போட்டி மன்றம் இல்லை, தலைவருக்கு வால் பிடிப்பது இல்லை. சங்கத்தையே ஒரு நகைச்சுவைத் துண்டாக நடத்துகிறார்கள். ஸ்டானின் குணமும் அதற்கு ஒத்துப்போனது. கடைசிக் காலத்தில் சாண்டா மோனிகாவில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தார். அவர் நம்பர் டெலிபோன் டைரக்டரியிலேயே இருந்தது. யார் கூப்பிட்டாலும் எடுப்பார். வந்த கடிதங்களுக்கெல்லாம் தாமே பதில் போடுவார்.

இந்த ரசிகர்களின் ஊர்கள் மூன்று. ஸ்டான் பிறந்த இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன். அங்கே 1983 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, பில் கியூபின் என்ற உள்ளூர்க்காரர் சேர்த்துவைத்த சாமான்களில் தொடங்கியது. ஆலி பிறந்த ஜார்ஜியாவின் ஹார்லெம். அங்கே அக்டோபரில் திருவிழா. மூன்றாவது ஓர் ஊர்கூட இல்லை, லாஸ் ஏஞ்சலஸின் சில்வர் லேக் பகுதியில் வீடுகளுக்கு நடுவே ஏறுகிற ஒரு நீளப் படிக்கட்டு. 1932இல் ஆஸ்கர் வாங்கிய ‘தி மியூசிக் பாக்ஸ்’ படத்தில் பியானோவை இழுத்து ஏற்றியது அதில்தான். அது பேசும்படம். அதே படியில் 1927இல் ‘ஹேட்ஸ் ஆஃப்’ என்ற மௌனப்படமும் எடுத்தார்கள், அதில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஏற்றுவார்கள். ‘ஹேட்ஸ் ஆஃப்’ இன்றுவரை கிடைக்கவில்லை. லாரல்-ஹார்டி ரசிகர் யாரிடமாவது ஒரே ஒரு வரம் கேள் என்றால் பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான் சொல்வார்.

கீட்டன் ரசிகர்கள் கொஞ்சம் வேறு மாதிரி. அதிகம் படிப்பவர்கள், அதிகம் வாதாடுபவர்கள். அவர்களுடைய சர்வதேசச் சங்கம் 1992இல் கீட்டனின் பிறந்த நாளான அக்டோபர் 4இல் தொடங்கியது. ‘தி போட்’ படத்தில் வரும் படகின் பெயரால் தங்களை ‘டாம்ஃபினோ’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஆண்டு மாநாடு அக்டோபர் தொடக்கத்தில் மிச்சிகனின் மஸ்கீகன் நகரில். கீட்டன் பிறந்தது அங்கே இல்லை, கன்சாஸின் பிகுவாவில். அப்பா அம்மா நாடகக் கம்பெனியோடு சுற்றியபோது வழியில் பிறந்த குழந்தை. பிறகு ஏன் மஸ்கீகன் என்றால், மேடை நிகழ்ச்சி நடக்கும் அரங்குகள் அப்போது கோடையில் மூடிவிடும். உள்ளே வெக்கை தாங்காது. வேலையில்லாத அந்த மாதங்களைக் கழிக்க 1908இல் கீட்டனின் அப்பா ஜோவும் சில நண்பர்களும் மஸ்கீகன் ஏரிக்கரையில் பிளஃப்டன் என்ற இடத்தில் ஒரு நடிகர் குடியிருப்பை உருவாக்கினார்கள். மேடையில் அப்பா தூக்கி எறிகிற பையனாக, பிடிக்க வசதியாக முதுகில் சூட்கேஸ் கைப்பிடி தைத்த கோட்டோடு வளர்ந்த பிள்ளைக்கு, சும்மா மீன் பிடிக்கவும் பேஸ்பால் ஆடவும் கிடைத்த ஒரே இடம் அது. வாழ்க்கையின் நல்ல கோடைகள் அங்கேதான் கழிந்தன என்று பின்னாளில் சொன்னார். மாநாட்டுக்கு வருகிறவர்கள் பகலில் பிளஃப்டன் தெருக்களை நடந்து பார்க்கிறார்கள், ராத்திரி 1930இல் கட்டிய ஃபிரௌந்தால் தியேட்டரில் ஆர்கன் வாசிப்போடு படம் பார்க்கிறார்கள்.

கீட்டனுக்குச் சாகும் முன்பே இந்த மரியாதையின் தொடக்கத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்தது. அவருடைய பழைய வீட்டை வாங்கிக் குடிவந்த நடிகர் ஜேம்ஸ் மேசன், 1950களில் அங்கே பூட்டிக் கிடந்த ஓர் அறையில் கீட்டனின் சுருள்களைக் கண்டார். அவை வெளியே வந்தன. 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சில மாதங்களில், 1966 பிப்ரவரி 1இல் இறந்தார்.

படம் எடுத்த இடங்களைத் தேடுகிற ஒரு கிளை இருக்கிறது. அதன் குரு ஜான் பெங்ட்சன். தொழில் வக்கீல். காட்சியின் பின்புலத்தில் தெரியும் ஜன்னல், கடைப் பெயர், தந்திக் கம்பம் இவற்றைப் பழைய நகர வரைபடங்களோடு ஒப்பிட்டு, கேமரா நின்ற இடத்தைச் சொல்வார். கீட்டன், சாப்ளின், அதே காலத்துக் காமெடி நட்சத்திரம் ஹெரால்ட் லாயிட் மூவருக்கும் ஒவ்வொரு புத்தகம் போட்டிருக்கிறார். அவர் கண்டுபிடித்ததில் பெரிய விஷயம், ஹாலிவுட் பூல்வார்டுக்குச் சற்றுத் தெற்கே காவெங்கா தெருவிலிருந்து பிரிகிற ஒரு குப்பைச் சந்து. சாப்ளினின் ‘தி கிட்’ (1921), கீட்டனின் ‘காப்ஸ்’ (1922), ஹெரால்ட் லாயிடின் ‘சேஃப்டி லாஸ்ட்’ (1923) மூன்றிலும் வருவது அதே சந்து. கீட்டன் ஓடுகிற காரை ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்து, உடம்பு கிடைமட்டமாகப் பறக்கப் போவாரே, அது அங்கேதான். குப்பைத் தொட்டி வைக்கிற இடமாகக் கிடந்த அந்தச் சந்துக்கு இன்று மூவர் பெயரும் சேர்ந்திருக்கிறது.

திருவிழாக்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது முடியாது. இத்தாலியின் போர்தெனோனேயில் அக்டோபரில் ஒரு வாரம் மௌனப்படங்கள் மட்டுமே. 1976 நிலநடுக்கத்தில் சிதைந்த ஜெமோனா ஊரில் உருவான ஒரு காப்பகத்துக்கும் இதன் பிறப்பில் பங்கு உண்டு. 1982இல் நடந்த முதல் விழாவே மேக்ஸ் லிண்டருக்கு. சாப்ளினே தன்னை அவருடைய சீடர் என்று எழுதிக்கொடுத்த பிரெஞ்சுக் காமெடிக்காரர். ஆனால் அங்கே எல்லா வகையும் போடுவார்கள். சோகப்படத்துக்கும் உட்காரப் பொறுமை வேண்டும். காமெடி மட்டும் போதும் என்பவர்களுக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2005இல் தொடங்கிய ‘ஸ்லாப்ஸ்டிக்’ விழா. இன்றைய டிவி காமெடியன்கள் மேடையேறி, தங்களுக்குப் பிடித்த பழைய படத்தை அறிமுகப்படுத்துவது அதன் விசேஷம். கன்சாஸின் டொபீகாவில் பிப்ரவரியில் நடப்பதற்கு டிக்கெட்டே கிடையாது. கலிபோர்னியாவின் நைல்ஸில், 1915இல் சாப்ளின் சில படங்கள் எடுத்த எஸ்ஸனே கம்பெனியின் பெயரில் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். சுவிட்சர்லாந்தின் கோர்சியேயில் சாப்ளின் வாழ்ந்த மாளிகை 2016இல் அருங்காட்சியகம் ஆனது. அடுத்த வருஷம் அவர் பிறந்த நாளுக்கு 662 பேர் தொப்பியும் மீசையும் பிரம்புமாக அந்த வளாகத்தில் கூடி நின்றார்கள்.

இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், குஜராத்தின் கட்ச் பகுதியில் ஆதிபூர் இருக்கிறது. பிரிவினைக்குப் பின் வந்த சிந்தி அகதிகளுக்காக உருவான ஊர். அசோக் அஸ்வானி என்ற ஆயுர்வேத வைத்தியர், இளைஞராக இருந்தபோது 1966இல் வேலைக்குப் போகும் வழியில் ‘தி கோல்ட் ரஷ்’ போஸ்டரைப் பார்த்து உள்ளே நுழைந்தவர். அன்றைக்கு நாலு காட்சியும் பார்த்துவிட்டு வந்தார், வேலை போனது. 1973இல் ‘சார்லி சர்க்கிள்’ தொடங்கினார். ஏப்ரல் 16 வந்தால் சின்னப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை சாப்ளின் வேஷத்தில் ஊர்வலம், ஒட்டக வண்டி, கேக் வெட்டு, படம். மருந்துச் சீட்டோடு சாப்ளின் டிவிடியும் கொடுப்பார் என்று பத்திரிகைகள் எழுதின. சுவிட்சர்லாந்துக் கூட்டத்தைவிட எனக்கு இதுதான் நிஜமான ரசிகர் கூட்டமாகத் தெரிகிறது. காப்பகம் இல்லை, பல்கலைக்கழகம் இல்லை, யாரும் பணம் தரவில்லை. 50 வருஷத்துக்கு முன் ஒருவருக்குப் பிடித்த பித்து ஊருக்கே தொற்றியிருக்கிறது.

கொரோனாவில் கூட்டங்கள் எல்லாம் நின்றபோது, 2020 மார்ச்சில் பென் மாடல் என்ற பியானோ கலைஞரும் ஸ்டீவ் மாசா என்ற ஆய்வாளரும் நியூயார்க்கில் தங்கள் வீடுகளிலிருந்தே யூடியூபில் ‘சைலன்ட் காமெடி வாட்ச் பார்ட்டி’ தொடங்கினார்கள். ஞாயிறு மதியம் 3 மணி. நமக்கு நள்ளிரவு தாண்டி 12:30. மாசா முன்னுரை சொல்வார், மாடல் வீட்டு அறையில் நேரலையாக வாசிப்பார். இதற்கு முன் ஒரு மௌனப்படமும் பார்க்காதவர்கள் பலர் அந்த வழியாக உள்ளே வந்தார்கள். யாருக்கும் பெயர் தெரியாத குட்டிக் காமெடிக்காரர்களின் படங்களை மாடல் ஏற்கெனவே ரசிகர்களிடம் பணம் திரட்டி டிவிடியாகப் போட்டு வந்தவர். மார்செல் பெரெஸ் என்ற பெயரை இன்று பத்துப் பேராவது சொல்கிறார்கள் என்றால் அது இவர்களால்தான்.

ரசிகர்கள் எதற்காகச் சண்டை போடுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சண்டை வேகம். கேமராவைக் கையால் சுற்றிய காலம். காமெடிக்காரர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றவைத்து, திரையில் ஆட்டம் சுறுசுறுப்பாகத் தெரியும்படி எடுத்தார்கள். பின்னால் பேசும்படத்துக்கான விநாடிக்கு 24 கட்டம் என்ற வேகத்தில் எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக ஓட்டியபோது, ஏற்கெனவே வேகமாக இருந்தது வெட்டுக்கிளி ஆட்டமாகிவிட்டது. டிவியில் நாம் பார்த்து, ‘பழைய படம் இப்படித்தான்’ என்று நினைத்தது அதைத்தான். அதைத் திருத்துகிறேன் என்று சிலர் மிக மெதுவாக ஓட்டுகிறார்கள், அப்போது சிரிப்பு செத்துவிடுகிறது. கார் ஓட்டமும் விழுகிற பொருளும் கொஞ்சம் வேகமாகத் தெரியலாம், ஆனால் மனிதர்களின் நடை கேலிக்கூத்தாகத் தெரியக் கூடாது என்பது என் அளவுகோல். இரண்டாவது சண்டை இசை. ஒவ்வொரு விழுகைக்கும் பியானோவில் தடால் என்று அடிப்பவரை இந்தக் கூட்டம் மன்னிக்காது. நல்ல வாசிப்பாளர் விழப்போகிறவருக்குச் சந்தேகமே வராதபடி வாசித்துக்கொண்டிருப்பார். விழுந்ததும் கொஞ்சம் விலகிக்கொள்வார், அந்த இடம் பார்வையாளர் சிரிப்பதற்கு.

நீங்களே ஒரு கூட்டம் போடலாம், சட்டச் சிக்கல் அதிகம் இல்லை. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியானதிலிருந்து 60 வருஷம். இந்தப் படங்கள் எல்லாம் அதைத் தாண்டிவிட்டன. புதிதாகச் சேர்த்த பின்னணி இசைக்கு மட்டும் தனி உரிமை இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுநீளப் படத்தில் ஆரம்பிக்க வேண்டாம். இரண்டு ரீல் படங்கள் மூன்று போதும், ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920): புதுமணத் தம்பதி பெட்டியில் வந்த பாகங்களை வைத்து வீடு கட்டுகிறார்கள், பெட்டிகளின் எண்ணை ஒருவன் மாற்றிவிட்டான். அடுத்து சார்லி சேஸ் நடித்த ‘மைட்டி லைக் எ மூஸ்’ (1926). பெயர் தெரியாதவர் என்று யாராவது முணுமுணுப்பார்கள், ஓடவிடுங்கள். கடைசியில் ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’. தெரிந்த பிள்ளை யாராவது கீபோர்டு வாசித்தால் உட்காரவையுங்கள், சினிமாப் பாட்டு வாசித்தாலும் பரவாயில்லை. திரைக்கு வெள்ளை வேட்டி போதும். ஆனால் அறை நிறைய ஆள் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மூன்று குழந்தைகளாவது முன்வரிசையில் வேண்டும்.